கஞ்சி வடிக்காத சோறு

மாண்டோவா,
அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

பரங்கிக்காய் ரிசோட்டோவுக்கு எவ்வளவு க்ரீம் ஊற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்த வழவழப்பு முழுக்க அரிசிக்குள்ளேயே இருக்கிறது. அதனால், உன் கை தானாகச் செய்துவிடும் ஒரு காரியத்தை முதலில் நிறுத்த வேண்டும்: அரிசியைக் களையாதே. நாம் களைந்தும் வடித்தும் விலக்குகிற மாவை இங்கே பாத்திரத்துக்குள்ளேயே பிடித்து வைக்கிறார்கள்.

எல்லா அரிசியும் இதற்கு ஒத்துவராது. பொன்னி குழைந்துவிடும், பாசுமதி பசை விடாது. இங்கே வட இத்தாலியில், மாண்டோவா, வெரோனா பக்கம் ‘வியலோனே நானோ’ என்ற குண்டு அரிசியைத்தான் எடுப்பார்கள். இரண்டு ரகங்களை இனக்கலப்புச் செய்து 1937ல் உருவாக்கியது. மேற்கே வெர்செல்லி, பவியா பக்கம் கார்னரோலி. இரண்டுமே மேல்மாவைக் குழம்பில் விட்டுவிட்டு நடுவில் உறுதியாக நிற்கும்.

போ ஆற்றுச் சமவெளியில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே நெல் விளைகிறது. போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் எமிலியா, வெனெட்டோ ஊர்ப் பெண்கள் ரயிலேறி வெர்செல்லி, நொவாரா வயல்களுக்குக் களை பறிக்கப் போவார்கள். முழங்கால் தண்ணீரில் நாளெல்லாம் குனிந்த வேலை. கூலிப் பணத்தோடு நாளுக்கு 1 கிலோ அரிசி. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1906ல் வெர்செல்லியில் வென்றும் காட்டினார்கள். பாட்டும் படித்தார்கள், சண்டையும் போட்டார்கள். நடவு வயலைப் பார்த்து வளர்ந்த உனக்கு அவர்களைத் தெரியாமல் இருக்காது.

சரி, சமையலுக்கு வருகிறேன். நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, தோல் சீவிய பரங்கிக்காய் 400 கிராம். இங்கே சாம்பல் பச்சைத் தோலும், நீர் குறைந்த ஆரஞ்சுச் சதையுமாக ஒரு காய் வரும். அங்கே நன்றாக முற்றி, வெட்டினால் மாவாக இருக்கும் காயைப் பார்த்து வாங்கு. இளங்காய் தண்ணீர் விட்டுச் சுவையைக் கெடுத்துவிடும்.

காயில் பாதியை நறுக்கிய வெங்காயத்தோடு வெண்ணெயில் மசிய வேகவிடு. மீதியைச் சிறு துண்டுகளாக்கி, ரோஸ்மேரியோடு ஓரம் சிவக்க வறுத்துத் தனியே வை. வேறொரு கனமான பாத்திரத்தில் அரிசியை, தொட்டால் சுடும் வரை உலரவே வறு. அப்போதுதான் மணி உடையாது. பிறகு அரை தம்ளர் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். பரங்கியின் தித்திப்பைத் தூக்கி நிறுத்த ஒரு புளிப்பு வேண்டும். ஒயின் வேண்டாமென்றால் இறக்கும்போது எலுமிச்சை சில துளி போதும்.

மசிந்த காயைச் சேர்த்து, கேரட், செலரி, வெங்காயம் வேகவைத்த சாறு ஒன்றேகால் லிட்டரைக் கரண்டி கரண்டியாக ஊற்று. சாறு பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், ஆறினால் அரிசி வேகுவது நின்றுவிடும். பதினாறு, பதினேழு நிமிடத்தில் ஒரு மணியைக் கடித்துப் பார். நடுவில் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம், அவசரப்படாதே. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விடு. பிறகு குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், துருவிய சீஸ் ஒரு பிடி போட்டு வேகமாகக் கிளறு. மாவும் கொழுப்பும் ஒன்றாகிப் பளபளக்கும். தட்டைச் சாய்த்தால் அலைபோல நகர வேண்டும். கெட்டியாக நின்றால் இன்னும் அரைக் கரண்டி சாறு.

நீ சைவம் என்பதால் ஒரு எச்சரிக்கை. பார்மிஜானோ, கிரானா பதானோ சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளால்தான் உறைய வைக்கிறார்கள். தாவர ரென்னெட் என்று அச்சிட்ட கெட்டி சீஸாகத் தேடி வாங்கு.

மேலே வறுத்த காயும், வெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த சேஜ் இலை நாலைந்தும். சேஜ் கிடைக்காவிட்டால் ரோஸ்மேரியே போதும். கொத்தமல்லி தூவாதே, பரங்கியின் மணத்தை அமுக்கிவிடும். அத்தானையும் பிள்ளைகளையும் முதலில் இலையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் வெண்ணெயைப் போடு. ஐந்து நிமிடம் தாமதித்தாலும் இறுகிவிடும். வியலோனே நானோ இரண்டு கிலோ டிசம்பரில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை