துக்க வீட்டில் பாடுகிறவர்கள்

மார்ச் 5, சாம்பல் புதன்

சாயங்கால ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவைப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டார் ஆர்கன் வாசிப்பவர். பெரிய வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் கிடக்கிறது. ஆனாலும் லெந்துப் பாமாலைகளை இன்றைக்கே எடுத்தால்தான் டெனர் வரிசை அன்றைக்குச் சுருதியில் நிற்கும் என்பது அவர் அனுபவம். டெனர்கள் முறைத்தார்கள்.

நான் பாஸ். வீட்டில் உட்கார்ந்து என் பகுதியை மட்டும் பாடினால் அது எந்தப் பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. மேலே சொப்ரானோ மெட்டைக் கொண்டுபோக, ஆல்டோவும் டெனரும் நடுவை நிரப்ப, அடியில் நாலைந்து சுரத்துக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். இளவட்டத்திலிருந்து இதுவே பழகிப்போனதால் ஆராதனைக்கு வெளியே நான் பாடுவதே கிடையாது.

இன்று எடுத்தது பவுல் கெர்ஹார்ட் எழுதிய பாடுகளின் பாட்டு. பிப்ரவரியில் அத்தானை அடக்கம் பண்ணிய பிறகு கோயிலில் நான் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை. கடைசிச் சரணங்களில் பாட்டுக்குள் இருக்கிற 'நான்' தன் சாவு நேரத்தைப் பற்றிப் பேசுகிறார். பதற்றமே இல்லை அவருக்கு. எனக்கு அப்படி இல்லை. அத்தானின் கடைசி ராத்திரியை ஆஸ்பத்திரியில் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். என்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் வாய்விட்டுப் பாடலாமா? பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம் கேட்டேவிட்டேன். "நோட்ஸ் சரியாப் பிடிச்சாப் போதும் அங்கிள்" என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

வெளியூர் விருந்தாளி ஒருவர் ஆராதனைக்கு வந்திருந்தார். எதற்கு எழுந்திருப்பது, எதற்கு உட்காருவது என்று தடுமாறினார். எங்கள் கோயிலில் பாமாலை நின்றுகொண்டு, கீர்த்தனை உட்கார்ந்துகொண்டு. அவ்வளவுதான் சட்டம்.

பாமாலை வெள்ளைக்கார மெட்டுக்குத் தமிழ்ச் சொல். அதில் தலையானவர் ஃபெப்ரீஷியஸ் ஐயர். 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பிறகு சென்னை வேப்பேரியில் ஊன்றி, வேதாகமத்தையும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கடைசிக் காலத்தில் கடன் வழக்கில் சிறைக்கும் போனார். வங்கியில் கடன் பிரிவிலேயே காலத்தைத் தள்ளிய எனக்கு அவர்மேல் தனியாக ஓர் அனுதாபம் உண்டு. அந்த மெட்டுகளில் குறில் வந்து நிற்கிற இடத்தில் இரண்டு அடி இழுக்க வேண்டியிருக்கும். நெடில் வருகிற இடத்தில் ஓட வேண்டியிருக்கும். யாப்புத் தெரிந்தவர்களுக்குக் காது கூசும். எங்களுக்குக் கூசுவதில்லை. பல் முளைக்கும் முன்பே அந்த இழுவை உள்ளே போய்விட்டது.

கீர்த்தனையில் அந்தச் சங்கடம் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைமேல் ராகம், தாளம் போட்டிருக்கும். யாரும் பார்ப்பதில்லை. போட்டிருக்கிற ராகம் ஒன்று, சபை பாடுகிற ராகம் இன்னொன்று என்று எத்தனையோ பாட்டுகள். சங்கீத வித்துவான் யாராவது உள்ளே வந்தால் ஓடிப்போவார். ஆனால் பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் பின் பெஞ்சுக் கிழவிகள் வரைக்கும் ஒரே மூச்சில் வந்து விழுவார்கள் பாருங்கள், அதற்கு வித்துவான் தேவையில்லை.

மார்ச் 15, சனி

அத்தானின் துக்க வீட்டு ராத்திரியை இன்றுதான் எழுத முடிகிறது.

வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, டீ டிரம். உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பாயில் பெண்கள். மடியில் கீர்த்தனைப் புத்தகம், ஆனால் பாதிப் பேர் திறக்கவே இல்லை. யாராவது ஒருத்தி நம்பரைச் சொல்லுவாள். இன்னொருத்தி சுருதி எடுப்பாள். மூன்றாவது சொல்லில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த நம்பர் வருவதற்குள் ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் கேட்கும். அது கேட்கக் கூடாது என்பதற்காகவே அடுத்த பாட்டைச் சீக்கிரம் எடுக்கிறார்களோ என்று தோன்றியது. விடிகிற வரைக்கும் இப்படியே.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுக்க 'நான்', 'என்', 'எனக்கு'. என் துணை, என் கண்ணீர், என் நம்பிக்கை. பாடுகிறவர்களில் மூன்றாம் தெருக்காரி இருந்தாள், பால்காரர் மனைவி இருந்தாள், அத்தானை இரண்டு தடவைக்கு மேல் பார்த்திராத யார் யாரோ இருந்தார்கள். அந்தச் சொற்கள் அத்தனையும் யாருக்குப் பொருந்துமோ அந்த ஒருத்தி மட்டும் பெட்டியின் தலைமாட்டில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு வரிகூடப் பாடவில்லை.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சம்பந்தமில்லாதவர்கள் எல்லாம் 'என் துயரம்' என்கிறார்களே என்று. பிறகு, நடுச்சாமத்துக்கு மேல், வேறு மாதிரித் தோன்றியது. அவளால் சொல்ல முடியாததை அவள் இடத்தில் உட்கார்ந்து இவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குக் குரல் வரும்வரை அந்த 'நான்' கீழே விழுந்துவிடாமல் நாற்பது பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பாரியும் இதைத்தானே செய்தது? மாரடிக்கிற பெண்கள் ஊரார் சாவுக்கும் தன் தாலி போனவளாக, தன் தகப்பன் போனவளாகத்தான் அழுவார்கள். எங்கள் வீடுகளில் ஒப்பாரி தேய்ந்து கீர்த்தனை வந்தது. வேலை அதே வேலைதான்.

மார்ச் 23, ஞாயிறு

மேலே எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. இன்று பாடிய கீர்த்தனை வேதநாயகம் சாஸ்திரியாருடையது. அவரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1774இல் எங்கள் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே அதே ஐயரிடம் படித்த இன்னொரு மாணவர்தான் பின்னால் மன்னரான சரபோஜி. அரண்மனை ஆதரவோடு 'பெத்லகேம் குறவஞ்சி' முதலாக எத்தனையோ எழுதி, 1864இல் 90 வயதை நெருங்கி மறைந்தார். இது சபையில் எல்லாரும் சொல்கிற பாதி.

சொல்லாத பாதி: 1820களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய மிஷனரிகள், சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காருவது கூடாது, திருவிருந்தில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான் என்றார்கள். அதை எதிர்த்தவர்களில் சாஸ்திரியார் முன்னணியில் நின்றார். சும்மா முணுமுணுக்கவில்லை, எழுதியே வாதாடினார். அதே மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதற்கும் தடை போட்டதால், சாதியும் சங்கீதமும் அவருடைய வழக்கில் ஒரே கட்டாக மாட்டிக்கொண்டன. கீர்த்தனை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம். உட்காருகிற விஷயத்தில் அவர் பக்கம் ஒரு துளி நியாயமும் இல்லை. காலம் அப்படி என்று மழுப்புகிறவர்கள், அதே காலத்தில் பின்னால் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கும் அது காலம்தான் என்பதை யோசிப்பதில்லை.

அப்படியானால் அவர் பாட்டில் வருகிற 'நான்' யார்? எழுதும்போது அவர் மனதில் இருந்தவர்கள் யாராகவும் இருக்கட்டும். இன்று அதைப் பாடும்போது சுற்றிப் பார்த்தேன். அவர் எந்தெந்த வீட்டாரைத் தள்ளி உட்கார வைக்க நினைத்தாரோ அந்த வீட்டுப் பிள்ளைகள் என் பெஞ்சில் இருக்கிறார்கள். பல்லவி எடுத்துக் கொடுத்த அம்மாவும் அப்படித்தான். அவருடைய 'நான்' அவர்கள் வாயில் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு வழியே இல்லை. இன்றைக்கும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டம் பிரிக்கிற ஊர்கள் உண்டு என்பதால், பாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

என்னோடு வங்கியில் இருந்தவர் சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்குக் கூப்பிட்டார். அவருடைய தகப்பனார் ஓதுவார். பிரகாரத்தில் உட்கார்ந்து, என்னிடம் இல்லாததைப் பாடலாமா என்ற என் சந்தேகத்தைச் சொன்னேன். நண்பர் சிரித்தார்.

"சார், நீங்க சம்பந்தரப் பாருங்க. ஒவ்வொரு பதிகத்துலயும் கடைசிப் பாட்டுல தன் பேரையும் ஊரையும் போட்டுருவார். கூடவே, இதப் பாடுறவங்களுக்கு என்ன கிடைக்கும்னும் சொல்லிருவார். திருக்கடைக்காப்புன்னு அதுக்குப் பேரு. இன்னொருத்தன் வந்து பாடுவான்னு தெரிஞ்சுதான பாடிருக்கார்?"

அப்பர் விஷயம் இன்னும் நெருக்கம். தருமசேனராகச் சமணத்தில் இருந்தவருக்குச் சூலை வந்து குடலைப் பிடித்து முறுக்குகிறது. தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து, திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தில் வலியை மறைக்காமல் வயிற்றோடு சொல்லி முறையிடுகிறார். ஏழாம் நூற்றாண்டில் ஒரு மனிதருக்கு வந்த வயிற்றுவலி. நண்பரின் அப்பா அதை ஆயுள் முழுக்க, வலி எதுவும் இல்லாத ஆரோக்கியமான வயிற்றோடு பாடிக்கொண்டிருந்தாராம். கடைசி வருஷம் அவருக்கே குடலில் புற்று வந்தது. "அப்பவும் அதேதான் பாடுனார் சார். புதுசா எதுவும் தேட வேண்டியிருக்கல." சொல்லிவிட்டு நண்பர் திருநீற்றை எனக்கு நீட்டப் போய், சட்டென்று தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டார். வாங்கியிருப்பேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கரையிருப்புக்காரர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய மனோகர'த்தைப் புரட்டினேன். வைணவ வீட்டில் கம்பன் கேட்டு வளர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பழைய பக்தியின் குரலைத் தூக்கி எறியாமல் அதே பதிக நடையில் கிறிஸ்துவிடம் பேசுகிறார். ஆழ்வார்களிடம் வாங்கிய 'நான்' அது. நல்ல தமிழ். ஆனால் சபையில் பாடக் கடினம். துக்க வீட்டில் யாரும் இதன் நம்பரைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 12, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். புளிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது, அன்று ராத்திரி அவளுக்காக ஊரே பாடியதைப் பற்றி மெதுவாக எடுத்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிதாகப் பட்டது என்று சொன்னேன்.

"ஏல தம்பி, எனக்கு ஒண்ணும் காதுல விழல. அந்தப் பெட்டி சத்தந்தான் கேட்டுது. நீங்க பாடப் பாட, எப்படா நிறுத்துவாங்கன்னு இருந்துச்சு."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அத்தான் போட்டுக்கிற சட்டைய மாத்தணும்னு சொல்ல வாயெடுத்தேன். காலர் கிழிஞ்சது அது. நீங்க பாட்டுல இருந்தீங்க. யாருகிட்ட சொல்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மோர் ஊற்றினாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையை வைத்துச் சண்டை. ஒருவன் கண்ணில் குத்தினான். பவனி அமோகம். பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

12 மணிக்குத் தொடங்கி 3 மணி வரை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம், இடையிடையே பாட்டு. வெயில் கண்ணாடியை உருக்குகிறது. மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்தவர்கள் பாக்கியவான்கள்.

நான்காம் வார்த்தைக்கு முன்னால் கெர்ஹார்ட் பாட்டு. அவர் வாலிபம் ஏறக்குறைய முழுக்க முப்பது வருஷப் போரில் போனது. ஐந்து பிள்ளைகளில் நாலு பேரை அடக்கம் பண்ணினார். மனைவியையும் பறிகொடுத்தார். பெர்லின் சபையில் வேலையும் போனது. ஆனாலும் 1656இல் அச்சான இந்தப் பாட்டை அவர் தன் சொந்தச் சோகத்திலிருந்து புதிதாக எழுதவில்லை. இடைக்காலத்து லத்தீன் பாட்டு ஒன்றை எடுத்து ஜெர்மன் ஆக்கினார். மெட்டும் கடன்: 1601இல் ஹாஸ்லர் போட்ட காதல் பாட்டு. அதையே பாக் தன் மத்தேயு பாடுகள் இசையில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். யார் யாரோ வைத்துவிட்டுப் போனதை எடுத்து எடுத்து, கடைசியில் என் அடித்தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது.

பிறகு நான்காம் வார்த்தை. தேவன் தன்னைக் கைவிட்டதாகக் கதறுகிற வார்த்தை. ஐயர் பிரசங்கத்தில் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: அது இயேசுவின் சொந்த வாக்கியமல்ல, 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் உறைத்தது. மூச்சு முட்டுகிற நேரத்தில் அவரும் தனக்கென்று சொல் தேடவில்லை. ஜெபக்கூடத்தில் சின்ன வயதில் கேட்ட பாட்டு வாயில் வந்திருக்கிறது. வேறொருவருடைய 'நான்'.

என்னிடம் தைரியம் இல்லை என்று சாம்பல் புதனன்று எழுதியிருந்தேன். இன்றும் இல்லை. சாவைப் பற்றிய சரணங்களை முழுசாகப் பாடினேன். சுருதி தப்பவில்லை. டெனர்கள் தப்பினார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் அமளி ஓய்ந்தது. அக்கா போன் பண்ணி, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். கல்லறைக் கல்லுக்கு வசனம் எழுதத்தான் என்று நினைத்துப் போனேன். அது இல்லை. அவளுடைய அடக்க ஆராதனைக்குப் பாட்டு லிஸ்ட்.

"முதல்ல சட்டைய எழுது. சேலைய நான் எடுத்து வச்சிருக்கேன், பீரோவுல மேல் தட்டு. அதக் கட்டி முடிச்ச பெறகுதான் பாட்டு ஆரம்பிக்கணும்."

எழுதினேன். பிறகு பாமாலையில் இரண்டு, கீர்த்தனையில் மூன்று நம்பர் சொன்னாள். அதில் ஒன்று சாஸ்திரியாருடையது. கெர்ஹார்ட் வேண்டாமா என்றேன்.

"பெரிய வெள்ளிப் பாட்ட எதுக்குச் சாவு வீட்டுல? அது வேண்டாம். பாமாலைல எல்லாச் சரணத்தையும் இழுக்காதீங்க, முதலும் கடைசியும் போதும். சனம் பசியோட நிக்கும்."

கீர்த்தனைக்கு?

"அது முழுசும் பாடுங்க."