கோட்டைக்குள்ளே கூடைப்பந்து!

அமெரிக்காவில் மேடிசன் நகரம். மெண்டோட்டா ஏரிக்கரையில் சிவப்புச் செங்கல்லில் ஒரு கோட்டை! கோபுரம் என்ன, பல் பல்லாக மேல்சுவர் என்ன... எந்த ராஜான்னு கேட்டுடாதீங்க. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து 'ரெட் ஜிம்' சார் இது!

1894-ல் கட்டி முடித்தபோது கீழே நீச்சல் குளம், அதற்கு மேல் மாணவர் படைக்குக் கவாத்துக் கூடம், உச்சியில் உடற்பயிற்சிக் கூடம். இதுக்கு எதுக்குக் கோட்டை வேஷம்? தொழிலாளர் கிளர்ச்சிகளைப் பார்த்து மேலிடத்துக்கு உதறல் எடுத்திருந்த காலம். கூட்டம் திரண்டு வந்தால் தாங்க வேண்டாமா?

வந்தது, 1904-ல்! குடியரசுக் கட்சி மாநாடு. எதிர்கோஷ்டி உள்ளே புகுந்துவிடாமலிருக்க லா ஃபாலெட் கோஷ்டி முள்கம்பி கட்டி, வாசலில் ஃபுட்பால் பயில்வான்களை நிறுத்தியது. (நம்ம ஊர்ப் பொதுக்குழு ஞாபகம் வருதா?)

இங்கே ஆடிக்கொண்டிருந்த பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1930-ல் புது அரங்கத்துக்கு ஜாகை மாறியது. 1970-ல் வியட்நாம் போரை எதிர்த்த ஒருவர் ராணுவ அலுவலகம் என்று நினைத்துத் தீ வைக்க, பாவம், ஜிம் கருகியது! இடித்துவிடலாமா என்றுகூடப் பேசினார்கள். தப்பித்து, 1993-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகி, 1998-ல் புதுப்பொலிவு பெற்றது.

இப்போது உள்ளே வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம். நம்மூர்ப் பையன் அங்கே படிக்கப் போனால், விசா சந்தேகம் கேட்க ஃபைலும் கையுமாக இந்தக் கோட்டைப் படிதான் ஏறணும். வாசலில் பயில்வான்கள் கிடையாது!