எண்ணெய் வரும் வழி

2022 ஓகஸ்ட் 30, செவ்வாய். பருத்தித்துறை

இன்று கடலில் மெசின் நின்றது. ஒரு தடவை அல்ல, நாலு தடவை.

நானும் மச்சானும் விடிய நாலரைக்குப் போட்டைத் தள்ளினோம். பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முருகைக்கல் பார் தாண்டியதும் றேஸைக் கூட்டினேன். பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு சத்தம் மெலிந்தது, இரண்டு தடவை திணறியது, நின்றுவிட்டது. ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை அமத்திப் பிடித்து, கயிற்றை இழுத்தேன். பிடித்தது. மறுபடி பத்து நிமிடம், மறுபடி நின்றது. நாலாவது தடவை நின்றபோது வெளிச்சவீடு ஒரு விரல் அளவுக்குத்தான் தெரிந்தது.

சோளகக் காற்று. எங்கள் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். வடக்கே போகப் போக இந்தியக் கடல் எல்லை. மெசின் பழுதாகித் தாண்டினாலும் தாண்டியது தாண்டியதுதான். நங்கூரத்தை விட்டு, சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் துறைப் போட் ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. கரைக்கு வந்த பிறகும் மச்சான் ஒரு சொல் பேசவில்லை.

ஓகஸ்ட் 31, புதன்

காலையிலிருந்து வைத்தியம் சொல்ல வந்தவர்கள் ஏழு பேர். ஒருவர் கொயில் என்றார், இருவர் பிளக் என்றார்கள், மற்றவர்கள் எல்லாம் காபரேற்றர். ஒரு பெடியன் ஸ்குறூ டிறைவரோடு வந்து காபரேற்றரின் காற்றுத் திருகாணியில் கைவைத்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். நேற்று முந்தினநாள் வரை ஒழுங்காக ஓடிய மெசினில் அந்தத் திருகாணி தானாகச் சுழன்றிருக்காது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி கொஞ்சம் இருந்தது, ஆனால் காய்ந்து கிடந்தது. பலமுறை கயிறு இழுத்தும் பிளக் நனையவில்லை என்றால் எண்ணெய் உள்ளே போகவில்லை. நனைந்து ஊறிக் கிடந்தால்தான் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும்.

பின்னேரம் மாமா வந்தார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்த நாட்களில் மெசின் திருத்தப் பழகியவர் அவர். மெசினைத் தொடவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நிக்கேக்கை பல்ப் என்ன மாதிரிக் கிடந்தது? சப்பிப்போச்சோ, தொளதொளவெண்டு கிடந்ததோ, இறுகிக் கிடந்ததோ?"

"பாக்கேல்லை மாமா."

"அதைப் பாக்காமல் மெசினிலை கைவைக்காதை."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். பல்ப் சப்பிப்போனால், அதற்கு முன்னால் அடைப்பு: தாங்கி மூடியின் காற்றுத் திருகாணி திறக்கவில்லை, அல்லது தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் அழுக்கு, அல்லது ஹோஸ். எவ்வளவு அமத்தியும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. நிரம்பி இறுகியே இருக்க மெசின் நின்றால், எண்ணெய் மெசின் வாசல்வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பம்பையும் காபரேற்றரையும் பார்க்க வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் பல்பை நான் ஸ்ராட் எடுக்கிற சாமானாகத்தான் நினைத்திருந்தேன்.

செப்ரெம்பர் 1, வியாழன்

வெறும் கண்ணாடிப் போத்தலில் தாங்கியின் அடி எண்ணெயை எடுத்து வெயிலில் பிடித்தேன். அடியில் குண்டுமணி போல் தண்ணீர் உருண்டது. காபரேற்றரின் அடித் திருகாணியைக் கழற்றி வடித்தபோது அதிலும் அதே குண்டுமணி.

எங்கிருந்து வந்தது என்று தேட அதிக நேரம் எடுக்கவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று சேர்த்த மண்ணெண்ணெயை வளவில் பரலில் நிமிர்த்தி வைத்திருந்தேன். பரலின் மேல் விளிம்பு ஒரு தட்டு மாதிரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பகலில் வெயிலுக்கு உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். இரவு குளிர்ந்து சுருங்கும்போது, மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மேலே நின்ற தண்ணீரை உறிஞ்சிவிடும். பரலைச் சரித்து வைத்திருந்தால், அல்லது மேலே ஒரு தகரம் போட்டிருந்தால் இது நடந்திராது. மண்ணெண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, தண்ணீர் அடியில்தான் நிற்கும். நானோ குழாயைப் பரலின் அடிவரை விட்டு உறிஞ்சினேன்.

தாங்கியைக் கழுவிக் காயவைத்தேன். வடியையும் காபரேற்றர் கிண்ணத்தையும் துடைத்தேன். ஜெற்றைக் கம்பியால் குத்தவில்லை, ஊதித்தான் எடுத்தேன். கம்பி துளையைப் பெருப்பித்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் மெசினை இறக்கி முக்கால் மணித்தியாலம் மெதுவாக ஓடவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. பிழை பிடிபட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

செப்ரெம்பர் 2, வெள்ளி

பிடிபடவில்லை.

கரையோடு ஒட்டித்தான் ஓடினோம். பத்தாவது நிமிடம் சத்தம் மெலிந்தது. இந்தத் தடவை கயிற்றுக்குக் கை போகவில்லை, பல்பைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒட்டி, உலர்ந்த பேரீச்சம்பழம் மாதிரிக் கிடந்தது. மச்சானையும் பார்க்கச் சொன்னேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தோன்றியது.

காற்றுத் திருகாணி திறந்திருந்தது. சந்தேகத்துக்கு மூடியையே கழற்றினேன், மாற்றமில்லை. மெசின் நின்ற பிறகு, கண் முன்னாலேயே பல்ப் மெல்ல மெல்ல ஊதி எழும்பியது. அது நிரம்பிய பிறகு இழுத்தால் மெசின் பிடிக்கிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததும் இதுதான்.

கரைக்கு வந்து அயல் போட்காரரின் ஹோஸை இரவல் வாங்கிப் பூட்டினேன். தாங்கி எங்களது, எண்ணெய் எங்களது, ஹோஸ் மட்டும் அவருடையது. முழு றேஸில் அரை மணித்தியாலம் ஓடியது.

பின்னேரம் எங்கள் ஹோஸைப் பிளேட்டால் நெடுகக் கீறினேன். வெளியில் ஒரு வெடிப்பும் இல்லை. பல்புக்கு ஒரு சாண் முன்னால் உள்தோல் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. மெதுவாக ஓடும்போது இழுவை குறைவு, நாக்குக்குப் பக்கத்தால் எண்ணெய் வரும். றேஸைக் கூட்டினால் இழுவையும் கூடி நாக்கு வழியை மூடிவிடும். தொட்டியில் முக்கால் மணித்தியாலம் மெதுவாக ஓடவிட்டு நான் கண்ட ஆறுதலுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. பாரத்தோடு ஓடிக் காட்டாத மெசின் திருந்திய மெசின் அல்ல.

தண்ணீர் இருந்தது உண்மை. ஹோஸ் போனதும் உண்மை. முதலில் கிடைத்த பிழையோடு தேடலை நிறுத்தியதுதான் என் தவறு.

செப்ரெம்பர் 3, சனி

கணக்குப் பார்த்தேன். சென்ற மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. ஒரு தடவை போக எங்களுக்கு 20 லீற்றர்: அன்று 1,740, இன்று 6,800. பெற்றோல் 450, அதுவும் எரிபொருள் கியூஆர் அட்டைக்கு அளந்து.

இந்த விலை மெசினுக்குள்ளும் போகிறது. பெற்றோலை மிச்சம்பிடிக்க மெசின் சூடேறும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மண்ணெண்ணெய் குளிர் மெசினில் சரியாக ஆவியாகாது. பிளக் கரியும் ஈரமுமாகும். நிறுத்தும் முன் பெற்றோலுக்குத் திருப்பிக் காபரேற்றரைக் கழுவும் பழக்கமும் போய்விட்டது; அடுத்த நாள் விடிய, கிண்ணம் நிறைய மண்ணெண்ணெயோடு குளிர் மெசினை இழுத்துத் தோள் வலிக்கிறோம். சிலர் ஒயிலையும் குறைக்கிறார்கள். எங்கள் 2-ஸ்ரோக் மெசினின் பிஸ்ரனுக்கு எண்ணெயில் கலந்த ஒயிலைத் தவிர வேறு ஒயில் இல்லை. பிளக் போனால் மாற்றலாம், பிஸ்ரன் இறுகினால் போட்டையே விற்க வேண்டியதுதான். வறுமையில் செய்கிறார்கள் என்று தெரியும், எனக்கும் அதே வறுமைதான். இருந்தும் ஒயிலில் கைவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

புது ஹோஸ் வாங்கினேன், எண்ணெய்க்கென்று செய்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாயை வெட்டிப் பூட்டலாம் என்று கடையில் ஒருவர் சொன்னார். அதன் உள்தோல் எண்ணெயில் கெட்டுப்போகும். பல்பின் அம்புக்குறி மெசின் பக்கம் பார்க்கப் பூட்டினேன். கட்டுக்கம்பி வேண்டாம், கிளிப்தான். கம்பி இரண்டு இடத்தில் இறுக்கி மூன்றாம் இடத்தில் காற்று விடும்.

செப்ரெம்பர் 5, திங்கள்

நாலரைக்குத் தள்ளினோம். பெற்றோலில் சூடேறும்வரை பொறுத்திருந்து மாற்றினேன். பார் தாண்டி முழு றேஸ். மச்சான் ஒரு கையைப் பல்பிலேயே வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை நின்ற இடத்தையும் தாண்டி ஓடினோம். பல்ப் சப்பவில்லை.

திரும்பி வந்ததும் அயல் போட்காரரிடம் இரவல் ஹோஸைக் கொடுத்தேன். எங்கள் பெட்டிக்குள் இப்போது மிச்சமாக வாங்கிய ஒரு ஹோஸ், ஒரு பிளக், ஒரு கண்ணாடிப் போத்தல் கிடக்கின்றன. தொழிலுக்குப் போகிற தம்பிமார் உங்கள் போட்டிலும் இந்த மூன்றையும் வையுங்கோ. மெசின் நின்றால் முதலில் பல்பைப் பாருங்கோ.