விழக் கற்பது

விழுந்த பெண்ணிடம் நம் வீடுகளில் முதலில் கேட்பது, “பார்த்து நடக்கக் கூடாதா?” என்பதுதான். 63 வயதில் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வீடு திரும்பிய என் அம்மாவிடமும் வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள்.

அம்மா இரவில் எழுந்தால் விளக்கைப் போடமாட்டார். அப்பாவின் தூக்கம் கலைந்துவிடும். குளியலறை வாசலில் பழைய சேலையை மடித்துப் போட்ட கால்மிதி கிடக்கும். அது வழுக்கியது; கையை நீட்டி ஊன்றினார். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அடுத்தவர் தூக்கத்தின் மீதிருந்த கவனம்தான் அவரை இருட்டில் நடக்க வைத்தது.

வீட்டில் பெண்கள் விழும் இடங்களை யோசித்துப் பாருங்கள். துடைத்து ஈரம் காயாத தரை, துணி துவைக்கும் இடம், பரணிலிருந்து அண்டாவை இறக்க ஏறும் பிளாஸ்டிக் ஸ்டூல். எல்லாமே வேலை நடக்கும் இடங்கள். எனவே விழாமல் காப்பதும் வீட்டார் எல்லோரின் வேலை. குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. பரணில் இருந்தவை கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கின. இரவு விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் தூங்க அப்பாவுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. சும்மா நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அது ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை இடுப்பெலும்பாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அம்மா இப்போது சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகுகிறார்.

நான் 41 வயதில் ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முதல் பாடமே விழுவதுதான். அதை உகேமி என்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டு, பின்மண்டை தரையில் மோதாது. கையை விறைப்பாக ஊன்றாதே. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் திரும்பி, புட்டம், தொடை, தோளின் பின்புறம் எனச் சதையுள்ள இடங்களில் இறங்கு. மூச்சை வெளியே விடு. முதல் நாள் விழும்போது என் கை டி-ஷர்ட்டைக் கீழே இழுக்கத்தான் போனது. தலைக்கு முன் மானத்தைக் காக்கப் பழக்கப்பட்ட கை அது. ஓடாதே, குதிக்காதே என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு விழுந்த அனுபவம் குறைவு. (எலும்பு தேய்ந்தவர்கள் இதைத் தனியாக முயல வேண்டாம், பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.)

1935இல் ஜூடோ பழகத் தொடங்கிய ஜப்பானியப் பெண் கெய்கோ ஃபுகுடா. பெண் என்பதற்காகவே 5ஆம் டானுக்கு மேல் போகவிடாமல் பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டவர். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10ஆம் டான் அளித்தது. அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர். அவரும் விழுவதிலிருந்துதான் தொடங்கியிருப்பார்.

விழுந்தவுடன் சேலையைச் சரிசெய்துகொண்டு, “ஒன்றுமில்லை” என்று எழுவது வெட்கம் கற்றுக்கொடுத்த பழக்கம். கொஞ்ச நேரம் கிடங்கள். எங்கே வலிக்கிறது, கைகால் அசைகிறதா என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டு, அசையாத நாற்காலியைப் பிடித்து எழுங்கள். முடியாவிட்டால் சத்தமாகக் கூப்பிடுங்கள்.