நாலாம் வகுப்பு பெஞ்சில் ஒரு வியாழக்கிழமை

சென்னையில் எந்தத் தெருமுனையில் நின்றும் "ஒயின்ஷாப் எங்கே?" என்று கேளுங்கள். பஞ்சர் கடைப் பையன் முதல் பூ கட்டுகிற பாட்டி வரை கையை நீட்டி வழி சொல்லிவிடுவார்கள். "குடியை நிறுத்தினவங்க கூட்டம் எங்கே நடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்பார்கள். எதிர்ச் சந்திலேயே வாரா வாரம் அது நடந்துகொண்டிருக்கும்!

ஆபீஸ் நண்பர் ஒருவருக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டது இது. நண்பர் பெயரா? மூச்! அந்தக் கூட்டத்தின் பெயரிலேயே 'அனானிமஸ்' இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.

நண்பர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. (தினமும் குடித்துப் பழகியவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், வலிப்பு வந்து உயிரே போகலாம். முதலில் டாக்டர். இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி.கே. ஆஸ்பத்திரி மாதிரி இதற்கென்றே இடங்கள் உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446-க்கு போன் போடலாம், காசு கிடையாது.)

"மருந்து உடம்புக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்ணுவீங்க? மீட்டிங் போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். நண்பரின் மனைவி என்னிடம், "அண்ணே, இந்த ஒரு தடவைதான் பார்ப்பேன். அப்புறம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிடுவேன்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

முதலில் போனது நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஹாலுக்கு. நல்ல ஃபேன், நல்ல நாற்காலி, ரொம்ப நல்ல மனிதர்கள். ஆனால் பேச்செல்லாம் இங்கிலீஷ். வெளியே வந்ததும் நண்பர், "ஆபீஸ்ல லீவு லெட்டர் வேணா இங்கிலீஷ்ல எழுதிடுவேன் சார். அழணும்னா அதுல வராது" என்றார். இதை அங்கிருந்தவர்களிடமே சொன்னோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "நாலஞ்சு இடம் போய்ப் பாருங்க. எங்கே உட்கார மனசு வருதோ அதுதான் உங்க குரூப்" என்று சொல்லி, சைதாப்பேட்டைப் பக்கம் வியாழக்கிழமை தமிழ் மீட்டிங் இருப்பதையும் அவர்களே சொன்னார்கள்.

வியாழன் சாயங்காலம் பீச்-தாம்பரம் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் சைதாப்பேட்டையில் உதிர்ந்தோம். பஜார் கூட்டம், மல்லிகைப்பூ, பஜ்ஜி வாசனை. நடுவில், இருக்கவே இருக்கிறது டாஸ்மாக்! 2003-ல் சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2016-ல் கடை திறக்கும் நேரத்தைப் பகல் 12 மணிக்குத் தள்ளினார்கள். ஆபீஸ் விடுகிற நேரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அந்த முப்பது அடி தூரத்தையும் நண்பர் என் சட்டைக் காலரையே பார்த்தபடி நடந்தார்.

கூட்டம் ஒரு ஸ்கூலில். சரியான இடத்தைச் சொல்லப்போவதில்லை. நாலாம் வகுப்பு. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு. குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பதினைந்து பேர். ஒருவர் நெற்றியில் விபூதி, ஒருவர் தலையில் தொப்பி. 'மதம் கிதம் மாத்திடுவாங்களோ' என்று வழியெல்லாம் கேட்டுவந்த நண்பர் அதைப் பார்த்ததும் சட்டென்று உட்கார்ந்தார். கடவுள் பேச்சு வரத்தான் செய்கிறது. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று விட்டுவிடுகிறார்கள்.

அன்று 'ஓப்பன்' மீட்டிங். அதனால்தான் எனக்கும் இடம். 'க்ளோஸ்டு' என்றால் குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். என் மாதிரி ஆட்கள் டீக்கடையில் காத்திருக்க வேண்டியதுதான். குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது. சந்தா, கட்டணம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது, இஷ்டப்பட்ட உறுப்பினர்கள் போட்டார்கள். வெளியார் காசு வேண்டாம் என்று என் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்!

ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் உபதேசம் செய்யவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் மகள் கல்யாணத்தன்று தான் எங்கே விழுந்து கிடந்தோம் என்று சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பரிதாபத்தில் இல்லை, 'ஆமா, அங்கேதான்' என்கிற மாதிரி.

இந்த வைத்தியம் பிறந்த கதையும் அப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். வியாபாரம் கவிழ்ந்து, ஓட்டல் வரவேற்பறையில் நின்றார் பில் வில்சன். ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். குடியை விட்டு ஐந்தாறு மாசம்தான் ஆகியிருந்தது. போனை எடுத்து, பேச இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று விசாரித்தார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால்மணி நேரம்தான் என்று வந்தவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூன் 10-ம் தேதியைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள் என்கிறார்கள். இந்தியாவுக்கு 1957-லேயே வந்துவிட்டது.

நண்பர் முறை வந்தது. எழுந்தார். பெயரைச் சொன்னார். "நான் ஒரு குடிநோயாளி" என்பதற்குள் ஒரு நிமிஷம் ஆயிற்று. "பன்னெண்டு நாள்... இல்லை, இன்னியோட பதினெட்டு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நண்பர் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார். என்ன என்று எட்டிப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் டீ என் பொறுப்பாம் சார். பதினஞ்சு பேர்ல மூணு பேருக்குச் சர்க்கரை போடக் கூடாது. ஆட்டோ அண்ணனுக்கு மட்டும் ஸ்ட்ராங்கா."