கண்டிக் கோடையும் காட்டுயிர்ப் படக்கலையும்

தமிழிலக்கியத்திலே கோடை என்றதும் நினைவுக்கு வருவது பாலை. நீர் வற்றிய சுனையும் இலையுதிர்ந்த மரமும் புலவர்கள் காட்டிய கோடை. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு அக்கோடை ஓரளவு பழகியதே. கண்டியின் கோடையோ வேறானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த இந்நகரிலே, மாசி தொடக்கம் சித்திரை வரை காலைப்பொழுதுகள் தெளிந்திருக்கும். பங்குனி கடந்ததும் பிற்பகலில் இடிமுகில் திரளும். மழைமாதங்களில் முகடுகளை மறைக்கும் மூடுபனி விலகுகின்ற இப்பருவமே, ஒளிப்படக் கருவியுடன் காடும் தோட்டமும் நாடுவோருக்கு உகந்த பருவமாகும்.

இதற்காக நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தலதா மாளிகைக்குப் பின்னே எழும் உடவத்தகெலைக் காடு 1856 இல் ஒதுக்குக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 100 ஹெக்டயர் பரப்பினுள் செங்குரங்குகளும் பற்பல பறவைகளும் அங்கு வாழ்கின்றன. 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவை மகாவலி மூன்று புறமும் வளைந்து செல்கிறது. அங்குப் பழந்தின்னி வௌவால்கள் பட்டப்பகலில் கிளைகளிலே தலைகீழாய்த் தொங்கி, வெயில் ஏறும்போது சிறகுகளால் தம்மைத் தாமே விசிறிக்கொள்ளும். ஹந்தானை மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் பல்கலைக்கழக வளாகமே அதிகாலையிலே ஒரு பறவைக் காடுதான்.

காட்டினுள் நுழையும் மாணவன் முதலிற் கற்பது ஒளியின் சிக்கனத்தை. வெளியே வெயில் கொளுத்தினாலும் மரச்செறிவினுள்ளே அந்தி மயக்கம் நிலவும். அக்குறைந்த ஒளியில் கருவியின் கண் சற்று நீண்டநேரம் திறந்திருக்கவேண்டும். ஆயின் விலங்கோ பறவையோ அதுவரை அசையாதிருப்பதில்லை. ஆகவே அசையாதிருக்கும் பொறுப்பு மனிதனைச் சார்கிறது. ஓரிடத்தில் அரைமணி நேரம் அடங்கி நின்றால், முதலில் எச்சரிக்கைக் குரல் எழுப்பிய குரங்குக் கூட்டம் தன் அலுவலைப் பார்க்கத் தொடங்கும். அதன்பின் எடுக்கும் படமே அவற்றின் வாழ்வைக் காட்டும் படம். முன்னாளிற் படச்சுருள் ஒன்றில் 36 படங்களே கிடைத்தன; இன்றோ கைபேசியாலும் ஒரே காலையில் நூற்றுக்கணக்கிற் படமெடுக்கலாம். எண்ணிக்கை பெருகிற்றேயன்றிக் காத்திருக்கும் நேரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இக்கலையில் தமிழருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழகக் காடுகளில் அலைந்து கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். 1950 முதல் தம் இறுதிநாள் வரை ஆங்கில நாளிதழொன்றில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்ததோடு, தமிழிலும் கட்டுரைகள் வரைந்தார். படமும் சொல்லும் அவரிடத்தே இணைந்து நின்றன என்பதே இங்கு சிந்தித்தற்குரியது.

ஏனெனில், இன்று தமிழ் மாணவரிடையே படம் இருக்கிறது, பெயர் இல்லை. அழகிய பறவையொன்றைப் படமெடுத்துத் தோழர்க்குக் காட்டுபவன் அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்வான். சிலவேளை சிங்களப் பெயரையும் சொல்வான். தமிழிலே 'ஒரு குருவி' என்பதோடு அமைவான். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரைப் பாடமாகக் கற்கும் கூட்டத்தாருக்கு இது வருந்தத்தக்க வறுமையன்றோ? வட இந்தியாவிலிருந்து ஐப்பசியளவில் இலங்கைக்கு வந்து சித்திரையளவில் மீளும் பல்வண்ணப் பறவையொன்று உண்டு. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறுமணிக்குக் குரலெழுப்புவதால் தமிழர் அதனை ஆறுமணிக்குருவி என்றனர். அப்பெயரே ஓர் அவதானிப்பு. பலர் பல நாள் செவிசாய்த்துக் கேட்டதன் பயன். பெயர் மறைந்தால் அக்கேள்வியும் உடன் மறையும். தேயிலைத் தோட்டங்களிலுள்ள முதியோரிடம் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டெழுதுவது, படமெடுப்பதற்கு நிகரான பணியாகும்.

இன்னுமொரு கடமையுண்டு. கோடை பல பறவைகளுக்குக் கூடுகட்டும் காலமுமாகும். குஞ்சைத் தெளிவாகக் காட்டுதற்பொருட்டுக் கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கினால், படமெடுத்தவன் சென்றபின் காகம் வந்து சேரும். கண்டிப் பகுதியிலிருந்து நோக்க மடக்கிய கைமுட்டி போலத் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடரிலே, மூக்கின் நுனியில் இலை போன்ற நீட்சியுடைய ஓணான் இனமொன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டில் அம்மலைத்தொடரும் அடங்கும். அத்தகைய உயிரைக் கையிற் பிடித்து, வசதியான கிளையில் வைத்துப் படமெடுப்பவன் அதனைத் துன்புறுத்துவதுடன், அது தானாகத் தேர்ந்த இடத்தைப் பற்றிப் பொய்யும் உரைக்கிறான். 1937 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பல உயிர்களுக்குக் காவல். எனினும் ஆளில்லாக் காட்டில் படமெடுப்பவனின் மனச்சான்றே முதற் காவல்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புகையில் மங்கலான பத்துப் படங்களே எஞ்சினும் குறையில்லை. அவற்றின் கீழே எடுத்த இடமும் நாளும், அவ்வுயிரின் தமிழ்ப் பெயரும் எழுதப்பட்டிருப்பின், பின்வரும் மாணவன் ஒருவன் அதே மரத்தடிக்குச் சென்று, அப்பறவை இன்னும் வருகிறதா என்று பார்க்க அவை போதும்.