எம்.ஜி. கார்களின் ஊரிலே

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையைக் காணச் செல்லும் நம்மவர் பலர். ஆனால் அதற்குத் தெற்கே ஆறு மைல் தொலைவில், தேம்ஸ் நதிக்கரையிலே அமைந்துள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரை எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அங்கே செல்வதற்கு இரயில் வண்டியும் இல்லை. பிரயாணிகளுக்கான புகையிரத சேவை 1963ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பஸ் வண்டியை நம்பியே செல்ல வேண்டும். சென்ற கோடையில் எமது அண்ணரின் குடும்பத்தாருடன் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவர்கள் வசிப்பது ஆபிங்டனுக்கு அண்மையிலுள்ள டிட்கொட் என்னும் ஊரில். ஆகவே ஆபிங்டனுக்கு நாம் ஒரு முறையன்று, நான்கு முறை சென்றோம்.

பழைய ஊர். மிகப் பெரிய கிறிஸ்தவ மடமொன்று இங்கே இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1538இல், அது கலைக்கப்பட்டது. எஞ்சியுள்ள சில கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். சந்தைச் சதுக்கத்தில் 1678ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட மாவட்ட மண்டபம் கம்பீரமாக நிற்கின்றது. இப்பொழுது அது நூதனசாலை. இந்த ஊருக்கு ஒரு விநோத வழக்கம் உண்டு. அரச குடும்பத்தின் முடிசூட்டு விழா போன்ற வைபவங்களின்போது நகரசபை அங்கத்தவர்கள் மண்டபத்தின் கூரைமீது ஏறி நின்று, கீழே கூடி நிற்கும் சனங்களை நோக்கி பணிஸ்களை வீசி எறிவார்கள்! அவ்வாறு எறியப்பட்ட பணிஸ்கள் சில பதனிடப்பட்டு நூதனசாலையிலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நம் ஊர் நகரசபையில் இவ்வழக்கம் தொடங்கினால் பணிஸ் மட்டுமா எறியப்படும் என்று எமக்கு ஓர் எண்ணம் எழுந்தது.

அதே நூதனசாலையில் ஒரு மோட்டார் காரும் இருக்கின்றது. ஆபிங்டன் தொழிற்சாலையில் இறுதியாக உருவாகிய எம்.ஜி.பி. கார்களுள் அது ஒன்று. எமது பெறாமகன் எம்மை அங்கே அழைத்துச் சென்றது மடத்தைக் காட்டவன்று, இதனைக் காட்டவே.

எம்.ஜி. என்பது 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். வில்லியம் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலே நடத்தி வந்த கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அதன் முகாமையாளராக 1922இல் அமர்ந்த சிசில் கிம்பர் என்பவர், சாதாரண மொறிஸ் கார்களுக்கு அழகிய உடலமைப்பும் கூடிய வேகமும் கொடுத்து விற்கத் தொடங்கினார். எட்டு மூலைகளையுடைய முத்திரை பொறித்த அந்தக் கார்கள் பெயர்பெற்றன. இடம் போதாமையால் 1929இல் ஆபிங்டனிலே தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றின் கட்டடங்களுக்கு இடம் பெயர்ந்தார்கள். ஐம்பத்தோர் ஆண்டுகள் அங்கேயே கார்கள் உருவாகின. கிம்பருடைய முடிவு துயரமானது. உருவாக்கிய கம்பனியிலிருந்து 1941இல் வெளியேற்றப்பட்டார். 1945இல் இலண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் நிகழ்ந்த இரயில் விபத்தில் உயிரிழந்தார். தொழிற்சாலை 1980 ஒக்டோபரில் மூடப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று வீடுகளும் அலுவலகங்களும் காணப்படுகின்றன. அயலிலே எம்.ஜி. கார்ச் சங்கத்தின் தலைமையகம் இருக்கின்றது. கிம்பரின் பெயரே அந்தக் கட்டடத்துக்கு இடப்பட்டுள்ளது.

எம்.ஜி.பி. என்ற கார் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாகியது. அவற்றுட் பெரும் பகுதி அமெரிக்காவுக்கே சென்றது. பெறாமகன் வாங்கியிருந்ததும் அமெரிக்கா சென்று, முதுமையில் தாயகம் திரும்பிய ஒன்றுதான். சுக்கான் இடப் பக்கம். முன்னும் பின்னும் கறுத்த இறப்பர்த் தாங்கிகள். பார்வைக்கு அழகுதான். ஓட்டமோ சோம்பல். டிட்கொட்டிலிருந்து ஆபிங்டனுக்கு அதிலே எம்மை ஏற்றிச் சென்ற முதல் நாள், சைக்கிளில் சென்ற முதியவர் ஒருவரை முந்துவதற்கே அவன் சற்று யோசித்ததைக் கண்டோம்.

காரணம் இதுதான். முதன்முதல் வெளிவந்த எம்.ஜி.பி.யின் 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் எஸ்.யு. காபரேற்றர்கள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. சக்தி சுமார் 95 குதிரைவலு. பின்னர் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகின. 1975ஆம் ஆண்டு மாதிரி முதல் அங்கு சென்ற கார்களில் அவ்விரண்டையும் அகற்றி, ஸெனித்-ஸ்ட்ரோம்பேர்க் காபரேற்றர் ஒன்றை மாத்திரம் வைத்தார்கள். எஞ்சினின் அமுக்க வீதத்தையும் குறைத்தார்கள். சக்தி சுமார் 62 குதிரைவலுவாக இறங்கியது. குதிரைகளில் மூன்றில் ஒரு பங்கு கடல் கடக்கும் முன்னரே இறங்கிவிட்டன என்று சொல்லலாம்.

காபரேற்றர் என்பது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பு. ஓர் இறாத்தல் பெற்றோல் செவ்வனே எரிவதற்கு ஏறத்தாழ 15 இறாத்தல் காற்று வேண்டும். பெற்றோல் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் தடுமாறும், சூடேறும். எஸ்.யு. காபரேற்றர் இதனைச் செய்யும் முறை மிக எளிது. காற்றுச் செல்லும் வழியில் ஒரு பிஸ்டன் தொங்குகின்றது. எஞ்சின் கூடுதலாக மூச்சிழுக்கும்போது அது தானே மேலெழுந்து வழியை அகலமாக்கும். வெள்ளத்தின் அளவறிந்து தானே உயரும் மதகுப் பலகை போல என்க. பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி. அது பெற்றோல் வரும் துவாரத்தினுள் நிற்கின்றது. பிஸ்டன் எழ ஊசியும் எழும், இடைவெளி பெருகும், பெற்றோல் கூடுதலாக வரும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர், சப்பாத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆதியில் பிஸ்டனுக்குப் பதிலாக அதில் இருந்தது தோலினால் செய்த துருத்தி! 'ஸ்கின்னர் யூனியன்' என்பதே எஸ்.யு.

இனி, வீட்டிலே நடந்த வாதத்துக்கு வருவோம். பெறாமகன் விரும்பியது இத்தாலியின் பொலோஞா நகரில் பெயர்பெற்ற வெபர் காபரேற்றரை. இரண்டு தொண்டைகளை உடையது, பந்தயக்காரர்கள் போற்றுவது. எமது அண்ணர் எஸ்.யு. சோடியையே வைக்க வேண்டுமென்றார்.

"தம்பி, இந்த எஞ்சினின் தலையைப் பார். காற்றுப் புகும் வாசல் இரண்டே இரண்டு. நாலு சிலிண்டருக்கும் அதுதான். இரண்டு வாசலுக்கு இரண்டு காபரேற்றர். அளந்து செய்தவர்கள் முட்டாள்களா?"

"வெபரில் வேகம் கூட அப்பா."

"ஓடுபாதையில் கூடத்தான். நீ போவது வேலைக்கு. சந்திக்குச் சந்தி சிவப்பு விளக்கு. அங்கே நிற்கவும் தெரிய வேண்டும் காபரேற்றருக்கு."

அண்ணருக்கு வயது எண்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் திருத்தும் தொழில் செய்தவர். மொறிஸ் மைனரின் எஸ்.யு.வை அவர் கழற்றிப் பூட்டியதற்குக் கணக்கில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றுப்போன காலத்தில், பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். காபரேற்றரினுள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையையும் மணத்தையும் அறிந்த வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். அதற்கெனத் தனிப் பக்குவம் வேண்டும். அவர் செவியாலேயே எல்லாவற்றையும் அளந்தார். தெருமுனையில் வரும் காரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்பார்.

அந்தச் செவிதான் இப்பொழுது மங்கிவிட்டது. வலக் காதில் கருவி. மெல்லிய ஒலிகள் அவருக்கு எட்டுவதில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் கீச்சுக் குரலில் ஏதாவது கேட்டால் புன்னகை செய்து தலையசைத்துவிடுவார். எஸ்.யு. இரண்டையும் இசைவாக்குவதோ மெல்லொலியைக் கேட்டுச் செய்யும் வேலை. அண்ணி எம்மைத் தனியே அழைத்து, "மகன் வெபர்தான் வாங்கட்டும் என்று நீங்கள் சொல்லுங்கோ. பிறகு இவர் காது கேட்கவில்லையென்று மனம் உடைந்து போவார்," என்றார். நாம் சொல்லவில்லை. பெறாமகன் பாவித்த எஸ்.யு. சோடியொன்றை அதற்குள் வாங்கி வந்துவிட்டான். ஏன் மனம் மாறினான் என்று அவனும் சொல்லவில்லை.

இரண்டு வார இறுதிகள் வேலை நடந்தது. ஸ்ட்ரோம்பேர்க்கை அகற்றுவதே பெரும் பாடு. அதன் காற்றுக் குழாயும் புகைக் குழாயும் ஒரே வார்ப்பாக இருந்தன. துருவேறிய நட்டுகளுக்கு இரவு முழுவதும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். கழற்றிப் பார்த்தால் வார்ப்பிலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு! இவ்வகைக் குழாய்களுக்கு இது வழக்கமான நோயாம். காபரேற்றரில் பிஸ்டனைத் தாங்கும் இறப்பர்ச் சவ்வும் கிழியும் நிலையில் இருந்தது. பழைய மாதிரிப் புகைக் குழாய், தனிக் காற்றுக் குழாய், வெப்பத் தடுப்புத் தகடு, கம்பிகள் எல்லாம் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. எஸ்.யு. உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன; ஆகையால் தேய்ந்துபோன அச்சுகளை மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. அச்சுத் தேய்ந்தால் அதன் ஓரமாகக் களவாய்க் காற்றுப் புகும். பிறகு எந்தச் சரிபார்ப்பும் பயன் தராது என்று அண்ணர் இரண்டு முறை சொன்னார்.

பெற்றோல் துவாரத்தின் நட்டுக்கு ஆறு முகங்கள். மேலே முட்ட ஏற்றிவிட்டுப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழிறக்கித் தொடங்க வேண்டும். பிஸ்டனின் நடுத்தண்டில் மெல்லிய ஒயில் விட வேண்டும். எஞ்சின் கிளம்பியது. சூடேறும்வரை காத்திருந்தோம்.

அப்பொழுது அண்ணர் இறப்பர்க் குழாயொன்றை எடுத்து, ஒரு நுனியை இடக் காதில் வைத்து, மறு நுனியை முன் காபரேற்றரின் வாயிலே பிடித்தார். பிறகு பின் காபரேற்றரிலே. மறுபடியும் முன்னே. முகத்திலே ஒன்றும் தெரியவில்லை. அண்ணி குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவர் குழாயை மகனிடம் நீட்டினார்.

"நீ கேள். பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். எது பெலத்துச் சீறுகிறது?"

"முன்னுக்கு இருக்கிறது."

"அப்ப முன் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்து. இரண்டும் ஒரே சீற்றமாய் வர வேண்டும்."

மகன் கேட்டுக் கேட்டுத் திருகினான். அவனிடம் காற்றோட்டத்தை அளக்கும் சிறு கருவியொன்றும் இருந்தது. தகப்பன் மனம் நோகுமென்று அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தான். அண்ணரே அதைக் கண்டு எடுத்துவரச் சொன்னார். இரு வாயிலும் வைத்துப் பார்த்தபோது அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. "இது அந்த நாளையில் எங்களிடம் இருந்திருந்தால் எத்தனை மணித்தியாலம் மிஞ்சியிருக்கும்!" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருவியை வெறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்த எமக்கு அது வியப்பாக இருந்தது.

கலவையைப் பார்க்கும் வேலையை அவரே செய்தார். பிஸ்டனை ஊசியால் ஒரு நெல்லளவுகூட இல்லாமல் மெல்ல உயர்த்துவது, எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம், தடுமாறினால் குறைவு, ஒரு கணம் கூடி உடனே தணிந்தால் சரி. இதற்கு அவர் காதை நம்பவில்லை. இடது உள்ளங்கையை எஞ்சின் மூடிமேல் வைத்துக்கொண்டு வலக் கையால் ஊசியை உயர்த்தினார். கை சொன்னதை அவர் சொன்னார். நாம் கேட்ட சத்தமும் அதுவாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு அபிங்டன் வழியாகச் சுற்றி, மேற்கே வெள்ளைக் குதிரை மலைக்குப் புறப்பட்டோம். காரிலே இருவருக்கே இடம். வோண்டேஜ் வரை அண்ணர் மகனோடு செல்ல, நாம் மருமகளின் காரில் பின்தொடர்ந்தோம். முன்னே சென்ற கார் மேடுகளில் எம்மைவிட்டு விலகி விலகிப் போயிற்று. வோண்டேஜ் சந்தையில் அல்பிரட் மன்னனின் சிலை நிற்கின்றது. அவன் 849ஆம் ஆண்டில் அவ்வூரிலே பிறந்தவன் என்பர். அதன் நிழலில் அண்ணர் இறங்கி எமக்கு இடம் தந்தார். பழைய 95 குதிரைகளும் திரும்பிவிட்டன என்று நாம் சொல்ல மாட்டோம். அமுக்க வீதம் குறைந்த பிஸ்டன்கள் உள்ளே இருக்குமட்டும் அது நடவாது. ஆனால் மிதித்ததும் எழுகின்ற ஓட்டம் அது. தணிந்த கூரையில்லாத காரில், இருபுறமும் வேலிச் செடிகள் பாய்ந்து பின்செல்ல, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தால் வளைந்து செல்லும் அந்த வீதி எமக்கு மறக்காது.

யுபிங்டன் வெள்ளைக் குதிரை, புல்வெளியை அகழ்ந்து வெண்சுண்ணாம்பு நிரப்பி வரைந்த உருவம். நீளம் சுமார் 110 மீற்றர்; வயது ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள். அருகே நின்றால் சில வளைந்த வெள்ளைக் கோடுகளே தெரியும். முழு உருவம் தொலைவிலிருந்தோ ஆகாயத்திலிருந்தோதான் புலப்படும். புல் மூடிவிடாதபடி காலத்துக்குக் காலம் ஊரவர்கள் கூடிப் புதுச் சுண்ணாம்பைச் சம்மட்டியால் இடித்துப் பரப்புகிறார்கள். மேலே காற்று பலமாக வீசியது. சால்வையை இறுகப் போர்த்திக்கொண்டு நாம் இறங்கி வந்தபோது, காரின் முன்மூடி திறந்திருந்தது. எஞ்சின் ஆறுமட்டும் பொறுமையில்லாமல் அண்ணர் பிளக் நான்கையும் கழற்றிச் சீலையொன்றின்மேல் வரிசையாக வைத்திருந்தார். முன்னிரண்டும் விசுக்கோத்து நிறம். பின்னிரண்டும் சற்றுக் கறுப்பு.

"பின் காபரேற்றர் நட்டை ஒரு முகம் மேலே ஏற்று. ஒன்றுதான், இரண்டு வேண்டாம்," என்றார். மகன் ஸ்பேனரை எடுத்தான்.